ரோஜா இதழ்களுக்குப் பிறகு

2019 டிசம்பர் 6, வெள்ளிக்கிழமை. ஹைதராபாத் அல்வாலில் காலைக் காபிக்குப் பால் பொங்குவதற்குள் கைப்பேசி அதிரத் தொடங்கிவிட்டது. எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் முதல் செய்தி தெலுங்கில் வந்தது: "நியாயம் ஜரிகிந்தி." நியாயம் நடந்துவிட்டது. அரை மணி நேரத்தில் தமிழிலும் இந்தியிலும் அதையே எழுதினார்கள். நவம்பர் 27 இரவு ஷம்ஷாபாத் சுங்கச்சாவடி அருகே கடத்தப்பட்டு, வன்புணர்ந்து கொல்லப்பட்ட இளம் கால்நடை மருத்துவர் வழக்கில் கைதான நால்வரையும், ஷாத்நகர் பக்கம் சட்டான்பள்ளியில் விடியற்காலையில் போலீஸ் சுட்டுக் கொன்றிருந்தது. மக்கள் போலீஸார் மேல் ரோஜா இதழ் தூவும் வீடியோ மதியத்துக்குள் வந்து சேர்ந்தது. நானும் கைகூப்பும் குறி ஒன்றைப் போட்டேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

அந்தப் பத்து நாள் கோபத்தைத் தவறென்று ஒதுக்க இன்றும் எனக்கு மனம் வரவில்லை. பெண்ணைக் காணவில்லை என்று ஓடிய குடும்பத்திடம், இது எந்த ஸ்டேஷன் எல்லை என்ற பேச்சில் இரவைக் கழித்தார்கள். பிறகு போலீஸார் மூவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். ஊர் கொதிக்காமல் இருந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் அது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. எல்லை பார்க்காமல் புகாரைப் பதியவேண்டும் என்ற 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' முறை முன்பே இருந்தும், எங்கள் தெருவில் பலர் அந்தப் பெயரைக் கேட்டதே அப்போதுதான். பெற்றவர்களை அலையவிட்டது அநியாயம் என்று சொல்ல எந்த விசாரணை அறிக்கையும் தேவையில்லை. அந்த இடத்தில் 'இரண்டு பக்கமும் பார்க்கலாமே' என்பவர் அநியாயத்துக்கு அவகாசம் வாங்கிக் கொடுக்கிறார்.

ஆனால் நடந்தது அநியாயம் என்ற உறுதி, செய்தது இவர்கள்தான் என்ற உறுதியாக எங்களை அறியாமலே மாறியது. அங்கிருந்து, இவர்களைச் சுட்டதுதான் நீதி என்பதற்குப் போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. நால்வரில் ஒருவர் மட்டும் முஸ்லிம். அவர் பெயரை மட்டும் பிரித்தெடுத்து, கொலைக்கே மதச்சாயம் பூசிய செய்திகளும் அதே குழுவில் வந்தன. யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

கேட்டவர் ஒரே ஒருவர். எங்கள் மாடியில் குடியிருந்த, ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர். "கோர்ட் விசாரிக்கட்டுமே" என்று இரண்டே சொல் எழுதினார். "உங்க வீட்டுப் பொண்ணுக்கு நடந்திருந்தா இப்படிச் சொல்வீங்களா?" என்று உடனே பதில் வந்தது. அந்தக் கேள்விக்கு யார்தான் என்ன பதில் சொல்ல முடியும்? அன்று மாலை அவர் குழுவிலிருந்து விலகினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நால்வரின் சாவை விசாரிக்க உச்ச நீதிமன்றம் நீதிபதி வி.எஸ். சிர்புர்கர் தலைமையில் மூவர் ஆணையம் அமைத்தது. ராஜீவ் கொலை வழக்கின் புலனாய்வை நடத்திய டி.ஆர். கார்த்திகேயன் அதில் ஓர் உறுப்பினர். 2022 மே 20 அன்று அறிக்கை வெளியானது. துப்பாக்கியைப் பறித்துத் தப்ப முயன்றார்கள் என்ற போலீஸ் கதையை ஆணையம் ஏற்கவில்லை. கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள் என்றது. பத்துப் போலீஸார் மீது கொலைக் குற்ற விசாரணை வேண்டும் என்றது. இறந்தவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது.

இதைச் சொன்னால், திறந்த மனம்தான் மருந்து என்று சிலர் கிளம்புவார்கள். அதையும் இதே ஊரில் பார்த்தோம். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவும் நான்கு தலித் ஆய்வு மாணவர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்திலேயே 'வெலிவாடா' (தலித் சேரி) என்று பெயரிட்டுக் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். ரோஹித்துக்கு மாதம் 25,000 ரூபாய் உதவித்தொகை நின்றுபோயிருந்தது. 2016 ஜனவரி 17 அன்று உயிரை விட்டார். அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஓடிய வாதம் எதைப் பற்றி? அவர் உண்மையில் தலித்தா என்பதைப் பற்றி. 2024இல் தெலங்கானா போலீஸ் வழக்கை முடிக்கக் கொடுத்த அறிக்கையும் அங்கேயே போய் நின்றது. எதிர்ப்பு எழுந்ததால் மறு விசாரணை என்று அறிவித்தார்கள். 'எல்லாக் கோணமும் பார்ப்போம்' என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் இங்கே பார்க்கப்பட்ட ஒரே கோணம் செத்தவனின் சாதிச் சான்றிதழ். விடுதிக் கதவு ஏன் மூடப்பட்டது, பணம் ஏன் நின்றது என்ற கேள்விகள் அதற்குப் பின்னால் மறைந்துபோயின.

எதில் அசையக்கூடாது, எதில் அசைந்தே ஆகவேண்டும் என்பது வழக்குக்கு வழக்கு மாறும். சட்டான்பள்ளியில் எங்களுக்குச் சந்தேகம் போதவில்லை. ரோஹித் விஷயத்தில் சந்தேகத்தைத் தப்பான ஆள்மேல் திருப்பினோம்.

ஆணையத்தின் அறிக்கை வந்த வாரம் குழுவில் யாரும் அதைப் பற்றி எழுதவில்லை. நான் மாடியேறி டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் மன்னிப்பைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பூண்டு உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அந்த டாக்டர் பொண்ணைக் கொன்னது யாருன்னு இனிமே எந்தக் கோர்ட்டும்மா சொல்லும்?" என்றார்.