கதையும் காட்சியும்

சினிமாவுக்குக் கதை முக்கியமா, காட்சி அழகு முக்கியமா என்று கேட்டால், எழுத்துக்காரன் எந்தக் கட்சியில் சேருவான் என்பது கேட்கிறவருக்கே தெரியும். நாவல் எழுதிப் பிழைப்பவன் கதையைக் காட்டிக் கொடுப்பானா? ஆயினும் எங்கள் மதுரையில் நடப்பதாக வந்த இரண்டு படங்களை வைத்துக்கொண்டு இந்த வழக்கைக் கூடியமட்டும் நியாயமாக விசாரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதல் சாட்சி, 1965ல் ஏ. பி. நாகராஜன் எடுத்த 'திருவிளையாடல்'. இந்தப் படத்தைக் கண்ணால் பார்த்தவர்களைப் போலவே காதால் பார்த்தவர்களும் அநேகம் பேர். மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் காதுகுத்து என்றாலும், அம்மன் கோயில் பொங்கல் என்றாலும், வேப்ப மரத்தில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து தருமியின் புலம்பல் வயல்வெளி வரை கேட்கும். களை எடுக்கிறவர்கள் நாகேஷுக்கு ஒரு வரி முன்னாலேயே வசனத்தைச் சொல்லிவிடுவார்கள். ஏழைப் புலவனுக்கு ஆயிரம் பொன் கிடைக்குமா, கிடைக்காதா? அந்தக் கவலை ஒன்று போதும். அரண்மனையும் ஜரிகையும் கண்ணில் படாமலே படம் நடந்துவிடுகிறது.

கதைக் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஆனால் எதிர்க்கட்சிக்கும் இதே மதுரையில் ஒரு சாட்சி உண்டு. அது சினிமா பிறப்பதற்கு முந்தியது. மீனாட்சியம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத்தில் இருக்கிற திருக்கல்யாணச் சிற்பத்தைச் சொல்கிறேன். திருமால் தம் தங்கையைச் சிவபெருமானுக்குக் கைப்பிடித்துக் கொடுக்கிறார். நடுவே நிற்பவள், எட்டுத் திக்கும் படையெடுத்துச் சென்று வென்ற பாண்டிய அரசி. அந்த அரசியின் தலை சற்றே குனிந்திருக்கிறது. 'வெட்கப்பட்டாள்' என்று நான் ஒரு வார்த்தையில் எழுதிவிட்டுப் போவதைச் சிற்பி கல்லிலே நிறுத்தி வைத்திருக்கிறான். அங்கே எழுத்துக்காரன் கை கட்டி நிற்க வேண்டியதுதான். ஆனால் ஒன்று: கதை தெரியாதவனுக்கு அது குனிந்த தலை மட்டுமே. தெரிந்தவனுக்கோ, உலகை வென்றவள் குனிந்த தலை.

இனி இரண்டாவது படத்துக்கு வருவோம். 2008ல் சசிகுமார் எடுத்த 'சுப்பிரமணியபுரம்', 1980ஆம் வருஷத்து மதுரையைக் காட்டுகிறது. வேலையில்லாத வாலிபர்கள் அரசியல்வாதி ஒருவருக்காகக் கொலை செய்கிறார்கள், அவரால் கைவிடப்படுகிறார்கள், பிறகு பழிக்குப் பழி என்று அழிகிறார்கள். பத்திரிகையில் இது ஒரு பத்திச் செய்தி. எஸ். ஆர். கதிரின் காமிராவோ, தாவணிப் பெண் துளசியும் தாடிக்கார அழகரும் பேசாமலே பார்த்துச் சிரித்துக் கொள்வதை அலுக்காமல் காட்டிக்கொண்டிருக்கிறது. 'இதனால் கதை ஓர் அங்குலமாவது நகர்ந்ததா?' என்று நமக்கே தோன்றும். கடைசியில் அவளே அவனை வரவழைத்து, எதிரிகளின் நடுவில் நிறுத்திவிட்டு அழுகிறாள். அப்போது அந்தப் பார்வைகளெல்லாம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்து நெஞ்சில் குத்துகின்றன. ஒலிபெருக்கியில் கேட்டவனுக்கு இந்த வேதனை கிட்டாது.

வழக்கு இத்துடன் முடிந்திருந்தால், இரண்டு கட்சிக்கும் சமரசம் என்று எழுதிவிட்டு எழுந்து போயிருப்பேன். ஆனால் இந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் மதுரைப் படங்கள் என்று எத்தனையோ வந்தன. புழுதித் தெரு, முறுக்கு மீசை, வெயிலில் பளபளக்கும் அரிவாள், மெள்ள மெள்ள நடந்து வரும் கால்கள் எல்லாம் அவற்றில் பலவற்றில் உண்டு. அந்தப் பையன்கள் எதனால் கெட்டார்கள், அவர்களைப் பெற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பது மட்டும் இல்லை. அதன் பலனை நாங்கள் அனுபவிக்கிறோம். வெளியூரில் மதுரைக்காரன் என்று சொன்னால் போதும், இடுப்பில் அரிவாள் இருக்கிறதா என்று சிரிக்கிறார்கள். மல்லிகை தொடுக்கிறவர்களும், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர்களும், வைகையில் தண்ணீர் வருமா என்று பார்த்திருக்கிற குடியானவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். காட்சி சோடை போனால் கதை இளைத்துப் போகும். அப்போதும் தருமியைப் போல எப்படியாவது பிழைத்துக் கொள்ளும். கதையை உதறிவிட்ட காட்சியோ அழகாக இருந்துகொண்டே ஓர் ஊரைப் பற்றிப் பொய்ச் சாட்சி சொல்லும். அரிவாளை எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் படம் பிடிக்கட்டும். அதனால் யார் வீட்டில் இழவு விழுந்தது என்பதையும் சேர்த்துக் காட்டட்டும்.