பெயர் மாற்றியவர்களும் பெயர் எழுதாத நாமும்

மிஷன் பள்ளிக்கூடம் என்றதும் நம் ஊர்களில் இரண்டு பேச்சுத்தான் உண்டு. “அது வேதத்துக்கு மாத்துற வேலை” என்பது ஒன்று. “அவங்க வராட்டி பொம்புளப் புள்ளைகள் படிச்சிருக்குமா?” என்பது மற்றது. ஹரியட் வின்ஸ்லோவின் நினைவு நூலை வாசிப்பவருக்கு இரண்டும் போதாது.

அமெரிக்க மிஷன் 1824இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையின் முதல் தலைவி ஹரியட். 1833இல் அவர் மௌத்தான பின், கணவர் மைரன் வின்ஸ்லோ அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்பையும் தொகுத்து 1835இல் வெளியிட்டார். அதை வாசிக்கவிருந்தவர்கள் யாழ்ப்பாணத்தார் அல்லர். பணம் அனுப்பிய அமெரிக்கத் திருச்சபையார். ஆகவே முதலில் இருட்டைக் காட்டியாக வேண்டும், பிறகு விளக்கை. பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் அந்த இருட்டின் பக்கம் நிறுத்தப்பட்டார்கள். லீச் சகோதரிகள் 1890இல் வெளியிட்ட ‘இலங்கையில் ஏழு ஆண்டுகள்’ நூலும் இதே பாதையில்தான் போகிறது.

இன்னொன்றும் நடந்தது. விடுதிப் பிள்ளைகளுக்கு, செலவை ஏற்ற அமெரிக்கர்கள் சொன்ன பெயர்களே வைக்கப்பட்டன. எழுத்தைப் படிக்க வந்த பிள்ளை தன் பெயரை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள்.

இதைச் சொல்லும்போதே மற்றதையும் சொல்வதுதான் நீதி. பெற்றோர் பெண்ணை அனுப்பத் தயங்கிய காலத்தில் மிஷன் உணவும் உடையும் கொடுத்துப் படிப்பித்தது. 1840இல் வந்த எலைசா அக்னியூ ஊருக்கே திரும்பாமல் ஏறத்தாழ நாற்பது வருஷம் அங்கே கற்பித்தார். அவரிடம் படித்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். ஞானஸ்நானம் அவருடைய நோக்கம்தான். அதற்காக அந்த உழைப்பு பொய்யாகிவிடாது.

நமக்கு வலிக்க வேண்டிய இடம் வேறு. தமிழோ ஆங்கிலமோ எழுதத் தெரியாதவரைப் படிப்பில்லாதவர் என்று பார்த்த அந்தக் கண்ணை நாமும் வாங்கிக்கொண்டோம். குர்ஆனும் அரபுத்தமிழ்க் கிதாபும் மவ்லிதும் ஓதிய மூத்தம்மாமாரை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர்களை, “அவங்களுக்கு ஓதத்தான் தெரியும், படிப்பில்ல” என்று நாமே தள்ளிவிட்டோம். சித்திலெப்பையை (1838–1898) விழா எடுத்து நினைக்கிறோம். கண்டியில் அவருடைய பெண்கள் பாடசாலைக்குத் துணைநின்ற சகோதரி முத்து நாச்சியாவுக்கு அங்கே எத்தனை வரி?

ஊர் விபரம் எழுதிவைப்பது நம் கரைக்குப் புதிதல்ல. கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி தம் இலங்கை கெசற்றியரை வெளியிட்டது 1834இல். ஹரியட்டின் நூலுக்கு ஒரு வருஷம் முந்தி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் இந்தக் கரைக்கு வந்தபோது கிடுகுக் கொட்டில்களிலும் படிப்பு நடந்தது. அங்கே நின்று கற்பித்த ஆசிரியைகளின் பெயர்களை யார் எழுதிவைத்தோம்?

மிஷனரிப் பெண்கள் நம்மை மிஞ்சியது அறிவில் அல்ல, குறித்துவைப்பதில். அவர்களின் ஏட்டைச் சந்தேகத்தோடு வாசிப்போம். அதோடு நம்மட ஏட்டையும் திறப்போம். பெட்டியடியில் கிடக்கும் கிதாபுகளின் முதற்பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்போம். யாரிடம் அலிஃப், பே ஓதினீர்கள் என்று உம்மாமாரிடம் கேட்டு, ஊர் ஊராக எழுதுவோம். பிள்ளைகளின் பெயரை மாற்றியவர்களைக் குறைசொல்ல, ஓதிக்கொடுத்தவரின் பெயரையே எழுதாத நமக்கு என்ன தகுதி?