'ஜஸ்ட்' என்னும் சிறுசொல்

வினையின் தன்மையையோ அளவையோ உணர்த்தும் வினையடைகளுள், ஒரே அசையில் முடிந்துவிடும் 'ஜஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல் அதன் எளிமை காரணமாகவே பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. 'ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்' என்னும்போது உண்ட கை உலராத அண்மையைக் காட்டும் அச்சொல், 'ஜஸ்ட் ரைட்' என்னுமிடத்தில் கூடாமலும் குறையாமலும் அமைந்த பொருத்தத்தையும், 'ஜஸ்ட் எ சைல்ட்' என்னுமிடத்தில் குழந்தைதானே என்னும் பரிவையும் உணர்த்துகிறது. நிற்கும் இடம் சற்றே மாறினாலும் அதன் பொருள் புரண்டுவிடுகிறது. 'நாட் ஜஸ்ட் குட்' என்பது நன்று என்பதற்கும் மேலானதைச் சுட்ட, 'ஜஸ்ட் நாட் குட்' என்பதோ நன்றன்று என்று உறுதியாக மறுக்கிறது.

விரைந்த பேச்சில் உயிரொலி மெலிந்து, அடுத்து மெய்யொலி வரின் இறுதி டகரமும் தேய்ந்து, மூச்சோடு மூச்சாக அது கடந்துவிடுகிறது. அழுத்தி ஒலிக்கும்போதோ, மயிரிழையில் தப்பிய நிம்மதி அதில் முழுமையாகக் கேட்கிறது. சன்னலைத் திறக்கச் சொல்லும் வேண்டுகோளில் இச்சொல்லைச் சேர்த்தால், கேட்பது சிறு உதவியே என்னும் பணிவு தோன்றி, ஏவலின் கூர்மை மழுங்குகிறது. தமிழ்ப் பேச்சு 'ஜஸ்ட் பாஸ்', 'ஜஸ்ட் மிஸ்' என்னும் வழக்குகளில் இதன் நூலிழைப் பொருளைத் தனதாக்கிக் கொண்டிருப்பது, இச்சொல்லின் பயன்பாட்டுத் திறனுக்குத் தக்க சான்றாகும்.