எந்த ஊரு? எந்தப் பக்கம்? எந்தத் தெரு?

சென்னையில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரம் எனக்குப் பெயரே கிடையாது. ‘விருதுநகர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத்து அறையில் ஒரு ‘கோயம்புத்தூர்’ இருந்தான், எதிரறையில் ஒரு ‘நாகர்கோவில்’. கோயம்புத்தூர்க்காரன்னா ‘ஏனுங்க’, திருநெல்வேலின்னா ‘ஏலே’, மதுரைன்னா சண்டை, தஞ்சாவூர்ன்னா வெத்தல, சங்கீதம். என் பங்குக்குப் பட்டாசும் எண்ணெய்ப் புரோட்டாவும். யாருக்கும் கோபம் வராது. இன்றைக்கு ரீல்ஸில் ‘எந்த மாவட்டத்துக்காரன் எப்படிப் பேசுவான்’ என்று ஒரே ஆள் ஏழு சட்டை மாற்றி நடித்துக் காட்டும்போது நாமெல்லாம் சிரிப்பது போலத்தான் அதுவும்.

இரண்டாவது வாரம் ஒரு சீனியர் வந்து உட்கார்ந்தார். எந்த ஊரு? சொன்னேன். ஊருக்குள்ள எந்தப் பக்கம்? சொன்னேன். எந்தத் தெரு? அப்போதுதான் புரிந்தது, அவர் என் ஊரைக் கேட்கவே இல்லை.

தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் இந்த மூன்று கேள்விகளை விளக்க வேண்டியதில்லை. மாவட்டம் என்பது முதல் கேள்வி. அது மரியாதையான கேள்வி, சிரித்துக்கொண்டே பதில் சொல்லலாம். மூன்றாவது கேள்விக்கு அப்படிச் சொல்ல முடியாது. நம்முடைய வட்டார இலக்கியத்தை நாம் எந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொண்டு படிக்கிறோம் என்பதுதான் என் பிரச்சினை. ‘கரிசல் எழுத்து’, ‘கொங்கு எழுத்து’, ‘தஞ்சை எழுத்து’, ‘நாஞ்சில் எழுத்து’ என்று புத்தகக் கண்காட்சியில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொற்களுக்குள் என்ன இருக்கிறது, எது வெளியே நிற்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

1

முதலில் ஒரு எளிய விஷயம். மாவட்டம் என்பது மண் இல்லை, அது ஒரு அரசாணை. 1956இல் இந்த மாநிலத்தில் 13 மாவட்டங்கள் இருந்தன. 2020இல் மயிலாடுதுறை வந்தபோது கணக்கு 38. நிலம் வளரவில்லை, கோடுகள்தான் கூடின.

கோவில்பட்டி பக்கத்து இடைசெவல், கி. ராஜநாராயணனின் ஊர். அவர் ‘கோபல்ல கிராமம்’ எழுதியபோது அது திருநெல்வேலி மாவட்டம். 1986இல் அது வ.உ. சிதம்பரனார் மாவட்டம் ஆனது. 1997இல் தூத்துக்குடி மாவட்டம் ஆனது. ஊர் ஒரு அடிகூட நகரவில்லை. கரிசல் மண்ணோ இந்தக் கோடுகளைக் கண்டுகொள்வதே இல்லை. கோவில்பட்டியில் இருக்கிற அதே கறுப்பு மண் விருதுநகரிலும் இருக்கிறது, சங்கரன்கோவில் பக்கமும் இருக்கிறது.

1997இல் பெயர் ஏன் மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை பல மாவட்டங்களுக்குத் தலைவர்களின் பெயர்கள் இருந்தன. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கி அதற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தபோது தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. ஒரு தலித் வீரரின் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள். கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. இன்று நாம் ‘விருதுநகர் மாவட்டம்’, ‘தூத்துக்குடி மாவட்டம்’ என்று வெறும் ஊர்ப் பெயரைச் சொல்கிறோமே, அந்த வெறுமைக்குள்ளேயே மூன்றாவது கேள்வி இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு ‘குணம்’ உண்டு என்று பேச ஆரம்பிப்பவர்கள் இந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது நல்லது.

2

சரி, கரிசலுக்கே வருவோம். ஒரே ஊர், ஒரே வருடம்: இடைசெவலில் 1923 செப்டம்பரில் ஒரு வார இடைவெளியில் கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பிறந்தார்கள். இருவரும் நண்பர்கள். ஆனால் ‘கரிசல் எழுத்தாளர்’ என்றதும் எல்லோர் வாயிலும் வருவது கி.ரா. பெயர்தான். கு. அழகிரிசாமியை ‘சிறுகதை மேதை’ என்போம், மண்ணோடு சேர்த்துச் சொல்ல மாட்டோம். காரணம் எளிது. அவர் பெரும்பாலும் பொதுத் தமிழில் எழுதினார், கி.ரா. பேச்சுத் தமிழில் எழுதினார். ஆக, இந்த முத்திரையை நாம் நிலத்தைப் பார்த்துக் குத்தவில்லை, எழுத்துக்கூட்டலைப் பார்த்துக் குத்தியிருக்கிறோம். ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையின் வறுமை கரிசல் வறுமை இல்லை என்று யார் சொல்வது?

அடுத்து, ‘கோபல்ல கிராமம்’ என்ன கதை? தெற்கே வந்த தெலுங்கு பேசும் குடும்பங்கள் காட்டை எரித்துத் திருத்தி ஊர் அமைத்த கதை. ‘மண்ணின் மணம்’ என்று நாம் மூக்கை உறிஞ்சும் அந்த நாவலின் நாயகர்கள் வேறு மண்ணிலிருந்து ஓடி வந்தவர்கள். எனக்கு அந்த நாவலில் மிகவும் பிடித்தது இதுதான். ஒரு நிலத்தின் குணம் என்று நாம் சொல்வது, அங்கே வந்து சேர்ந்தவர்கள் பட்ட பாடு என்பதை கி.ரா. கதையாகவே சொல்லிவிட்டார். நாம்தான் அதைப் படித்துவிட்டு ‘ஆதிக் கரிசல்’ என்று பேசுகிறோம்.

ஆனால் அந்த ஊரின் எல்லாத் தெருவுக்குள்ளும் கி.ரா. போனாரா? இல்லை. அதை அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தத் தெருக்களுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். பூமணியின் ‘பிறகு’ 1979இல் வந்தது. அதன் மையத்தில் இருப்பவர் அழகிரி, செருப்புத் தைக்கிறவர். மண் அதே கறுப்புதான், வெயிலும் அதே வெயில். ஆனால் இங்கே ஊர் என்பது வேறு பொருள். கி.ரா.விடம் ஊர் கூடிப் பேசும், கதை சொல்லும், சிரிக்கும். பூமணியிடம் ஊர் என்பது கூப்பிட்டால் ஓட வேண்டிய திசை. பின்னால் சோ. தர்மனின் ‘கூகை’ வந்தது. பகலில் வெளியே வந்தால் மற்ற பறவைகள் கொத்தித் துரத்தும் ஆந்தையை அவர் ஏன் பிடித்துக்கொண்டார் என்பதற்கு உரை வேண்டாம். ‘சூல்’ நாவலில் அவரே ஒரு கண்மாயைச் சுற்றி முழு ஊரையும் எழுதினார்.

மூவருமே கோவில்பட்டி வட்டாரத்துக்காரர்கள், மூவருமே சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். ஒரு பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் மூவரின் ஊரையும் தொட்டுவிடலாம். ஆனால் மூன்று புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படித்தவருக்கு ‘கரிசலின் குணம்’ என்று ஒருமையில் வாய் வராது.

3

தஞ்சாவூர் இன்னும் சிக்கல். ‘மோகமுள்’ படித்துவிட்டுக் கும்பகோணம் போய் வந்த நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. காவிரியில் தண்ணீர் இல்லாவிட்டாலும் மனசுக்குள் ஓடவிட்டுக்கொள்வார்கள். நானும் போயிருக்கிறேன். தி. ஜானகிராமனின் தஞ்சாவூர் அப்படி ஆளை இழுக்கும்: தம்பூரா, காபி, அக்ரகாரத்து முற்றம், சொல்ல முடியாத ஆசை. அந்த அழகு பொய் இல்லை. பாபுவின் தவிப்பை இன்னொருவர் அப்படி எழுத முடியாது.

அதே பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் கீழ்வெண்மணி இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரி. குடிசையோடு எரிந்துபோனவர்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1991இல் மாவட்டம் பிரிந்தபோது கீழ்வெண்மணி நாகப்பட்டினம் பக்கம் போனது, கும்பகோணம் தஞ்சாவூரிலேயே நின்றது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனாலும் இன்றைய இளம் வாசகருக்குத் ‘தஞ்சாவூர்’ என்றால் கோவில், வீணை, தட்டு, தலையாட்டிப் பொம்மை. ‘வெண்மணி’ என்றால் அது வேறு மாவட்டம். ஒரு நிர்வாகக் கோடு நினைவையும் இரண்டாக வெட்டிவிட்டது.

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ வெண்மணியைத் தொட்ட நாவல். 1977இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. அதை முதலில் படித்தபோது அதிர்ந்தேன், இரண்டாம் முறை படித்தபோது எரிச்சல் வந்தது. நிலக்கிழாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாகக் காட்டுகிறது நாவல். உளவியல் சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூலி கேட்டவர்களை எரிக்க ஒரு மனிதனுக்கு அந்தரங்கக் குறை ஏதும் இருக்க வேண்டியதில்லை. நிலம் அவனிடம் இருக்கிறது, மற்றவர்களிடம் இல்லை, அது போதும். மேலும், வெளியிலிருந்து வருகிறவர்களின் கண் வழியாகவே அந்த ஊரைப் பார்க்கிறோம். எரிந்த குடிசைக்குள்ளிருந்து யாரும் நம்மிடம் பேசவில்லை. பிறகு சோலை சுந்தரபெருமாள் ‘செந்நெல்’ எழுதியபோதுதான் வயலில் நின்றவர்களின் பேச்சு நாவலுக்குள் வந்தது. கலையாக ‘குருதிப்புனல்’ இறுக்கமானது, ‘செந்நெல்’ தளர்வானது என்று வாதாடலாம், நானே வாதாடுவேன். ஆனால் ‘மோகமுள்’ளை மட்டும் படித்துவிட்டு ‘தஞ்சை மண்ணே இப்படித்தான்’ என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர் ‘செந்நெல்’லையும் புரட்ட வேண்டும் என்பதில் எனக்கு வாதமே இல்லை.

4

கன்னியாகுமரியை உதாரணமாக எடுத்தால் இந்த விஷயம் இன்னும் தெளியும். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து உண்டான சின்ன மாவட்டம். ஆனால் அங்கிருந்து வந்த நாவல்களைப் பாருங்கள். பனையேறிகளின் உலகத்தை எழுதிய ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964. நாகர்கோவில் நகரத்தின் கடைவீதியையும் தேர்தலையும் ஒரு மரத்தடியில் நிறுத்திய சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966. இரணியல் செட்டிமார் குடும்பத்துக்குள் போன நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968. படித்த ஏழை வெள்ளாள இளைஞன் பணக்கார மாமனார் வீட்டில் சிறுத்துப்போகும் நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ 1977. தேங்காய்ப்பட்டினத்துக் கடலோர முஸ்லிம் கிராமத்தில் ஒரு முதலாளியின் அகங்காரம் சரிவதைச் சொன்ன தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’.

ஐந்து நாவல்கள், ஐந்து தமிழ்கள். மீரான் மலையாளத்தில் படித்து வளர்ந்தவர், அவர் தமிழில் அரபியும் மலையாளமும் சேர்ந்து வரும். ‘புத்தம் வீ’ட்டின் பேச்சை நாஞ்சில் நாடனின் ஆட்கள் பேச மாட்டார்கள். இதில் எது ‘நாகர்கோவில் ஸ்லாங்’? ரீல்ஸில் நடிப்பவர் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வார், வேறு வழியில்லை, அவரிடம் இருப்பது முப்பது விநாடி. நம்மிடம் அவ்வளவு அவசரம் இல்லை.

இந்த ஐந்தையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்த மாவட்டம் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. அதன் குணம் ஒரு சொல்லில் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டு ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் நுழையாத ஐந்து உலகங்கள் என்பதுதான் அதன் குணம்.

5

மண்ணின் பெருமை பேசுவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நாமக்கல்லைக் கேளுங்கள்.

1942இல் ஆர். சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ எழுதியதிலிருந்து கொங்குக்கு ஒரு நாவல் மரபு இருக்கிறது. அந்த மரபில் வந்த பெருமாள்முருகன், கொங்கு வட்டாரச் சொற்களைத் தேடிச் சேர்த்து அகராதியே போட்டவர். அந்த மண்ணின் சொல்லை அவரைவிடப் பொறுமையாகப் பொறுக்கியவர் குறைவு. திருச்செங்கோட்டைக் களமாக வைத்து 2010இல் அவர் எழுதிய ‘மாதொருபாகன்’ நான்கு ஆண்டுகள் கழித்து எரிக்கப்பட்டது. ஊர்க் கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் மாவட்ட நிர்வாகம் நாமக்கல்லில் ‘சமாதானப் பேச்சுவார்த்தை’ நடத்தியது. அதன்பின் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே மீண்டும் எழுத வந்தார். திரும்பி வந்து எழுதிய நாவல் ‘பூனாச்சி’, ஒரு வெள்ளாட்டின் கதை. எந்த மாவட்ட வரைபடத்திலும் தேடிப் பிடிக்க முடியாத நிலம் அது. சொல்சொல்லாகத் தன் ஊரைச் சேர்த்தவர் ஊரே இல்லாத ஊரை எழுத வேண்டி வந்தது.

‘எங்க ஊர அசிங்கப்படுத்திட்டான்’ என்பதுதான் அன்று எழுந்த குரல். நாம் விளையாட்டாகச் சொல்லும் ‘எங்க மாவட்டம் இப்படித்தான்’ என்ற வாக்கியமும் இதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். முதலாவது சிரிக்கும், இரண்டாவது கடையை அடைக்கும். ஊருக்கு ஒற்றைக் குணம் உண்டு என்று ஒப்புக்கொண்டால், அந்தக் குணத்துக்கு மாறாக எழுதுகிறவர் துரோகி ஆகிவிடுகிறார்.

அப்படியானால் வட்டாரமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்ப் பேச்சை முதன்முதலில் அச்சில் பார்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நாம் பேசுவதும் தமிழ்தான் என்று ஒரு புத்தகம் சொன்னது சின்ன விஷயம் இல்லை. நான் கேட்பது, முதல் கேள்வியோடு நிற்காதீர்கள் என்பதுதான். 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ ஊரை அறிமுகப்படுத்தும்போது மலையையும் வயலையும் சொல்லிவிட்டு நேராகத் தெருக்களுக்குப் போகும். யார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், தபாலாபீசும் பள்ளிக்கூடமும் எந்தப் பக்கம் இருக்கின்றன, எங்கள் தெருவில் ஏன் ஒன்றுமில்லை. விடுதியில் அந்த சீனியர் என்னிடம் கேட்ட அதே கேள்வியை பாமாவும் கேட்கிறார். அவர் கேட்டது என்னை ஒரு பெட்டிக்குள் போட்டு மூட, பாமா கேட்பது பெட்டியைத் திறந்து காட்ட.

அடுத்தமுறை யாராவது ஒரு நாவலை நீட்டி ‘அந்த மாவட்டத்தை அப்படியே எழுதியிருக்கார்’ என்று சொன்னால், வாங்கிப் படியுங்கள். படித்து முடித்துவிட்டு ஒன்று மட்டும் கேளுங்கள்: எந்தத் தெருவிலிருந்து?