ரெமிடியல் வகுப்பு யாருக்கு?

நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். அப்புறம்தான் எம்.ஏ. தமிழ். இதைச் சொன்னால் இலக்கியக் கூட்டங்களில் சிலர் 'சயின்ஸ விட்டுட்டுத் தமிழுக்கு வந்திருக்கீங்க, எவ்வளவு பற்று' என்று மெச்சிக்கொள்கிறார்கள். பற்றாவது ஒண்ணாவது. துரத்தினார்கள், வந்தேன். தமிழ் எனக்குப் பிடித்துப்போனது அதற்கப்புறம் நடந்த கதை. துரத்தியது எப்படி என்பதைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன்.

2007-ல் நான் இரண்டாம் வருஷம். சனிக்கிழமைகளில் எங்களுக்கு மட்டும் ஒரு வகுப்பு நடக்கும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்காக யு.ஜி.சி. பணத்தில் நடத்தப்பட்ட ரெமிடியல் வகுப்பு. யார் யார் வர வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் பேர் எழுதி ஒட்டுவார்கள். அதுவரைக்கும் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைப் பங்குபோட்ட பெண்ணுக்கு அன்றைக்குத்தான் நான் யார் என்று தெரிந்தது. திங்கட்கிழமை அவள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். 'ரெமிடி' என்றால் மருந்து, பரிகாரம் என்று அகராதியில் போட்டிருந்தது. அப்படின்னா நோயாளி நாங்கதான். வைத்தியர் அவர்கள்.

அந்த நாளிலிருந்து இன்றுவரை கல்லூரிகளில் நடக்கும் கருத்தரங்குகளைக் கவனித்து வருகிறேன். 'முதல் தலைமுறை மாணவர்களும் அறிவியல் கல்வியும்' என்று தலைப்பு வைப்பார்கள். பேசுகிறவர்கள் எல்லாரும் மாணவனின் குறையைத்தான் பட்டியல் போடுவார்கள். இங்கிலீஷ் வராது, கணக்கில் அடிப்படை இல்லை, வீட்டில் சூழல் இல்லை, தன்னம்பிக்கை இல்லை. நோயாளியின் உடம்பை இப்படி அங்குலம் அங்குலமாகச் சோதிக்கிறவர்கள், அவன் படிக்கிற துறையை, அந்தத் துறையின் மேசைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை, ஒரு நாளாவது சோதித்திருக்கிறார்களா? என் விமர்சனம் இந்த இடத்தில்தான்.

1

எங்கள் வேதியியல் துறையில் தலித்துகளே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பெருக்குகிற அம்மா. இன்னொருவர் லேப் அட்டெண்டர். அவர் எங்கள் சேரிக்குப் பக்கத்துச் சேரி. எனக்கு முறையில் பெரியப்பா. இருபத்தைந்து வருஷ சர்வீஸ். உப்பைக் கையில் வாங்கிப் பார்த்தாலே என்ன உப்பு என்று சொல்லிவிடுவார். பிப்பெட் பிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். 'கட்டை விரல வைக்காத, ஆள்காட்டி விரலால மூடு, அப்பத்தான் சொட்டு நிக்கும்' என்பார். பர்மாங்கனேட் என்றால் மட்டும் பியூரெட்டில் மேல் வளைவைப் படிக்க வேண்டும், கரும் ஊதா நிறத்தில் கீழ் வளைவு தெரியாது என்று சொன்னதும் அவர்தான். டெமான்ஸ்ட்ரேஷன் என்ற பேரில் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று மடமடவென்று பேசிவிட்டுப் போன பேராசிரியர் இதையெல்லாம் சொன்னதில்லை.

அந்த மூன்று வருஷத்தில் லேபுக்குள் ஒரு தடவைகூட நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டதில்லை. முதல் வருஷம் கூப்பிடாததற்குக் காரணம், கூப்பிட்டால் என் சாதி தெரிந்துவிடும். நோட்டீஸ் போர்டு வந்தபிறகு அந்தக் காரணமும் இல்லை, ஆனாலும் வாய் வரவில்லை. மற்றவர்களைப் போல 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டேன். அவரும் என்னை 'பாப்பா' என்று கூப்பிட்டதில்லை. 'என்ன வேணும்மா' என்று ஸ்டோர் ஜன்னல் வழியாகக் கேட்பார். பெரியப்பாவும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவர்கள் மாதிரி நடிக்க வேண்டியிருந்த இடத்துக்குப் பேர்தான் ஆய்வுக்கூடம்.

மூன்றாம் வருஷ பிராக்டிகலில் என் டைட்ரேஷன் சரியாக வந்தது. ரெக்கார்டும் முடித்திருந்தேன். வைவாவில் பேராசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 'உங்க ஆளுங்களுக்கெல்லாம் எதுக்கும்மா கெமிஸ்ட்ரி? தமிழ், ஹிஸ்டரின்னு எடுத்திருந்தா கோட்டாவுல சீக்கிரம் வேலை கெடைக்குமே.' நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததால் வைவாவில் மார்க் இல்லை. இன்டர்னல் மார்க்கும் ஏற்கனவே குறைவு. எம்.எஸ்ஸி. சேர்க்கைப் பட்டியலில் என் பேர் வரவில்லை. எம்.ஏ. தமிழில் வந்தது. வைவாவுக்கு எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது, மறுகூட்டல் கிடையாது. எழுத்துத் தேர்வில் விடைத்தாளுக்கு நம்பர் போட்டுப் பேரை மறைக்கிறார்கள். வைவாவில் முகத்தை எப்படி மறைப்பது?

2

உடனே ஒரு தோழர் கேட்பார்: காப்பர் சல்பேட்டுக்குச் சாதி உண்டா? யார் ஊற்றினாலும் நீலம்தானே? உண்மைதான், காப்பர் சல்பேட்டுக்குச் சாதி கிடையாது. ஆனால் அது இருக்கும் அலமாரியின் சாவிக்கு உண்டு. யாருக்கு வழிகாட்டி, யாருக்கு இன்டர்னலில் எத்தனை, அடுத்த காலியிடத்தில் யார் என்று தீர்மானிக்கிற கையில்தான் அந்தச் சாவி இருக்கிறது.

ஏதோ ஒரு மாவட்டக் கல்லூரியில் ஒரு கெட்ட வாத்தியார் இருந்தார் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மேலே போகப்போக சாவிக்கொத்து பெரிதாகிறது. ஐ.ஐ.டி.களில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 1973-லேயே இட ஒதுக்கீடு வந்துவிட்டது. ஆசிரியர் பணியிலோ 2008 வரை கதவு சாத்தியே இருந்தது. அப்போதும் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் கீழ்ப்படியான உதவிப் பேராசிரியர் பதவிக்கு மட்டும் திறந்தார்கள். 2019-ல் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கைப் பாருங்கள். 23 ஐ.ஐ.டி.களில் ஆசிரியர்கள் 6043 பேர். அதில் எஸ்.சி. 149, எஸ்.டி. 21. இரண்டையும் கூட்டினால் நூற்றுக்கு மூன்றுகூட வரவில்லை. சட்டப்படி இருக்க வேண்டியது இருபத்திரண்டரை.

தட்டிக்கழிப்பதற்கு நன்றாகக் கணக்குத் தெரிந்தவர்கள் அவர்கள். முன்பு பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாக வைத்து 200 புள்ளி ரோஸ்டர் போட்டார்கள். 2017-ல் அலகாபாத் உயர்நீதிமன்றம் துறைதான் அலகு என்றது. 2018 மார்ச்சில் யு.ஜி.சி. அதையே எல்லாருக்கும் உத்தரவாக்கியது. அதுதான் 13 புள்ளி ரோஸ்டர். அதன்படி ஒரு துறையில் ஏழாவது இடம்தான் எஸ்.சி.க்கு. பதினாலாவது இடம் எஸ்.டி.க்கு. இயற்பியல் துறையில் மொத்தமே ஆறு பேர் என்றால்? யாராவது போய் ஏழாவது நியமனம் வரும்வரை ஒதுக்கீட்டில் ஒரு தலித் உள்ளே வர முடியாது. யாரும் யாரையும் திட்டத் தேவையில்லை, தீண்டாமை என்ற சொல்லையே உச்சரிக்கத் தேவையில்லை, வகுத்தல் கணக்கு ஒன்று போதும். 2019 மார்ச் 5-ல் நாடெங்கும் தெருவில் இறங்கிப் போராடியபிறகுதான் அவசரச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் அது நிரந்தரச் சட்டமாகி, பழையபடி நிறுவனமே அலகு என்றாயிற்று.

வெற்றிதான். ஆனால் அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவையும் கடைசியில் உள்ள அட்டவணையையும் நம் ஆட்கள் படிக்க வேண்டும். 'உன்னத' நிறுவனங்களுக்கு விலக்கு. ஹோமி பாபா நேஷனல் இன்ஸ்டிட்யூட்டும் அதன் உறுப்பு நிறுவனங்களும், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூர் ஜவகர்லால் நேரு மையம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் என்று பட்டியல் போகிறது. ஐ.ஐ.டி.களையும் அதில் சேர்க்கச் சொல்லி 2020-ல் ஒரு குழு பரிந்துரைத்தது. குழுவின் தலைவர் ஓர் ஐ.ஐ.டி.யின் இயக்குநர். உன்னதம் எங்கே தொடங்குகிறதோ அங்கே நாம் முடிந்துபோகிறோம் என்பதைச் சட்டப் புத்தகத்திலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில்தான் 69 சதவீதம் இருக்கிறதே என்பார்கள். அதில் 18 எஸ்.சி., 1 எஸ்.டி. அரசுக் கல்லூரியில் அதற்குப் பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் பாதி வகுப்புகளைத் தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளர்கள்தான் எடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் பலர் அங்கேதான் நிற்கிறார்கள். பாடம் எடுக்கலாம், சாவி கிடைக்காது. சுயநிதிக் கல்லூரிகளில் ஆசிரியர் நியமனத்துக்கு இட ஒதுக்கீடே கிடையாது. சிறுபான்மை அந்தஸ்து பெற்ற உதவிபெறும் கல்லூரிகளில் சம்பளம் அரசுப் பணம், நியமனம் நிர்வாகத்தின் இஷ்டம்.

3

கறுப்பின மக்களின் கவிதையை நாம் நிறைய மொழிபெயர்த்திருக்கிறோம். அவர்களுடைய வேதியியலாளர் ஒருவரையும் தெரிந்துகொள்வோம். பெர்சி ஜூலியன். 1899-ல் அலபாமாவில் பிறந்தவர், அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். இண்டியானாவில் டிபாவ் கல்லூரியில் சேர்ந்தபோது விடுதியில் இடம் தரவில்லை. வெள்ளை மாணவர்கள் தங்கும் வீட்டில் எடுபிடி வேலை செய்துகொண்டே படித்து 1920-ல் முதல் மாணவராக வெளியே வந்தார். ஹார்வர்டில் முதுகலை முடித்தார். ஆனால் வெள்ளை மாணவர்கள் ஒரு கறுப்பரிடம் பாடம் கேட்கச் சம்மதிக்க மாட்டார்கள் என்று அவருடைய கற்பித்தல் உதவிப் பணியைப் பறித்துவிட்டார்கள். அதனால் வியன்னாவுக்குப் போய் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். திரும்பி டிபாவுக்கே வந்து, இளங்கலை மாணவர்களையும் ஆய்வில் சேர்த்துக்கொண்டு, கண் நீரழுத்த நோய்க்கு மருந்தாகும் பிசோஸ்டிக்மினை 1935-ல் செயற்கையாக உருவாக்கிக் காட்டினார். உலகமே கவனித்தது. கல்லூரி மட்டும் அவருக்குப் பேராசிரியர் பதவி தர மறுத்தது. அவர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். பிற்காலத்தில் அதே கல்லூரி தன் அறிவியல் கட்டடத்துக்கு அவர் பேரை வைத்தது.

ஜூலியனுக்கு எந்த ரெமிடியல் வகுப்பும் தேவைப்படவில்லை. தகுதி, திறமை என்று அவர்கள் கேட்டதெல்லாம் அவரிடம் இருந்தது. மேசைக்கு முன்னால் அவர் உட்காரலாம், பின்னால் உட்காரக் கூடாது. இதுதான் விதி. நம் ஊரிலும் இதே விதிதான்.

அமெரிக்காவரை போக வேண்டாம். சேலம் மாவட்டத்துச் செந்தில்குமார், பன்றி மேய்க்கும் பன்னியாண்டிக் குடும்பத்தில் பிறந்து, இயற்பியலில் ஆய்வு செய்ய ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் போனார். அவருக்கு வழிகாட்டியே ஒதுக்கவில்லை. 2008 பிப்ரவரியில் தன்னை மாய்த்துக்கொண்டார். எட்டு வருஷம் கழித்து, 2016 ஜனவரியில், அதே பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா. அறிவியல் எழுத்தாளனாக வேண்டும் என்று ஆசைப்பட்ட பிள்ளை. இவர்களிடம் எந்தக் குறையைக் கண்டுபிடித்து எந்த மருந்தைக் கொடுத்திருப்பார்கள்?

4

கொஞ்சம் நம்மையும் பார்த்துக்கொள்வோம். தலித் இலக்கியத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது, விடுதி இருக்கிறது, டீக்கடைத் தனிக்குவளை இருக்கிறது. ஆய்வுக்கூடம் இல்லை. நான் படித்தவரையில் இல்லை. பியூரெட்டும் கையுமாக நிற்கும் ஒரு சேரிப் பெண்ணை எந்தக் கதையிலும் நான் பார்த்ததில்லை. நம் எழுத்தாளர்களில் பலர் தமிழும் வரலாறும் படித்தவர்கள். அது தற்செயலா? 'தமிழ், ஹிஸ்டரின்னு எடுத்திருக்கலாமே' என்ற அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்கள்? அறிவியல் அவர்களுக்கு, வேதனை நமக்கு என்ற பாகப்பிரிவினையை நாமும் ஒப்புக்கொண்டுவிட்டோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரே ஒரு தலித்தை மேசைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டால் எல்லாம் மாறிவிடும் என்றும் நான் நம்பவில்லை. தனியாக உட்கார்ந்தவர் ஊர்ப்பேரை மறைத்துக்கொண்டு, ரிட்டயர்டு ஆகும்வரை தலை குனிந்தே கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, பெரியப்பாவை அண்ணே என்று கூப்பிட்டவள் நான். அதனால் ஆளையும் மாற்ற வேண்டும், ஏற்பாட்டையும் மாற்ற வேண்டும்.

நோட்டீஸ் போர்டில் எங்கள் பேரை ஒட்டினீர்களே, இனி உங்கள் கணக்கை ஒட்டுங்கள். துறையில் எத்தனை பணியிடம், ரோஸ்டரில் எது யாருக்கு, எது எத்தனை வருஷமாகக் காலி என்று எல்லாரும் பார்க்கட்டும். இன்டர்னல் மார்க்கைப் பிரித்துப் போட்டு, எதற்கு எத்தனை என்று மாணவருக்குக் காட்டுங்கள். வைவாவின் கேள்வியும் பதிலும் எழுத்தில் இருக்கட்டும், மேல்முறையீடு இருக்கட்டும். ஆய்வு வழிகாட்டியை எழுதிய விதிப்படி, தேதி குறித்து ஒதுக்குங்கள். தமிழ்வழியில் வந்த பிள்ளை முதல் வருஷம் ரெக்கார்டைத் தமிழில் எழுதட்டும். தேர்வுக் குழுவில் தலித்தும் பெண்ணும் கையெழுத்துப் போட மட்டும் இல்லாமல் கேள்வி கேட்கவும் உட்காரட்டும். ரெமிடியல் வகுப்பையும் நிறுத்த வேண்டாம், நடக்கட்டும். சனிக்கிழமை தோறும், பேராசிரியர்களுக்கு.

பெரியப்பா ரிட்டயர்டு ஆகிவிட்டார். போன பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போய், 'பெரியப்பா, லேப்ல உங்கள அப்படிக் கூப்பிடாம போயிட்டேன்' என்றேன். 'எனக்குத் தெரியாதா பாப்பா, நானுந்தான் கூப்பிடல' என்றார். அப்புறம் இரண்டு பேரும் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தோம்.

என் அண்ணன் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். 'அத்தை, நான் கெமிஸ்ட்ரி எடுக்கட்டுமா?' என்று கேட்டாள். எடு என்றேன். சேர்ந்த முதல் நாளே லேபில் மேசைக்குப் பின்னால் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கணக்கில் இருந்துதான் நம் வேலை ஆரம்பிக்க வேண்டும்.