மெயின்டனன்ஸ் பில்லுக்குள் ஒரு லிஃப்ட்

அபார்ட்மென்ட் சண்டைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் சதுர அடிக்கு இவ்வளவா, வீட்டுக்கு இவ்வளவா என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். அது உரிமையாளர்களுக்குள் நடக்கிற சண்டை. வாடகைக்கு இருப்பவர் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. ஆனா மாசாமாசம் பணம் கட்டுவது பெரும்பாலும் அவர்தான்.

தூத்துக்குடியில் இது கண்கூடு. கப்பல் வேலைக்கோ வளைகுடாவுக்கோ போனவர் முதலீடாக ஒரு ஃபிளாட் வாங்கிப் போடுவார். அதில் குடியிருப்பது துறைமுகம், அனல்மின் நிலையம், வங்கி என்று மாற்றலில் வந்த குடும்பம். மெயின்டனன்ஸை அவர்களே கட்டிக்கிடணும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். எது மெயின்டனன்ஸ் என்று எழுதியிருக்காது.

சட்டம் இந்த வித்தியாசத்தை அறியாதது அல்ல. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை தெளிவாகப் பிரிக்கிறது: கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு, டேப் வாஷர், சுவிட்ச் போன்ற சில்லறை வேலை குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டை மேம்படுத்தி அதற்காக வாடகையை ஏற்றணும்னா, குடியிருப்பவரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கணும். நல்ல ஏற்பாடு.

இந்த ஏற்பாடு வீட்டு வாசலோடு முடிந்துபோகிறது என்பதுதான் என் குறை. அதே மேம்பாட்டைச் சங்கம் செய்தால், செலவு மெயின்டனன்ஸ் உயர்வாக வந்துவிடும். சம்மதம் கேட்க ஆளில்லை. கூட்டத்தில் உட்கார அவருக்கு உரிமையும் இல்லை. 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்று வழி திறந்தது. அது உரிமையாளர்களின் சட்டம். வாடகைக் குடும்பத்தை அது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

எல்லாச் செலவும் அவ்வளவு சுளுவாகப் பிரியாது என்பதும் உண்மை. 2023 டிசம்பர் 17, 18 மழையை எடுத்துக்கிடுங்க. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடியில் தெருத்தெருவாகத் தண்ணீர் நின்றது. தரைத்தளத்து மோட்டார் முங்கினால் அதைச் சரிபண்ணுவது பழுதுபார்ப்பு. அடுத்த மழைக்கு முங்காமலிருக்க மேடை கட்டி மோட்டாரை உயர்த்துவது? எனக்கென்னவோ அது உரிமையாளர் செலவுதான். இரண்டு வருஷத்தில் மாற்றலாகிப் போகிறவர் அந்த மேடையைத் தூக்கிக்கொண்டா போவார்? ஃபிளாட்டின் விலையும் பிரிக்கப்படாத பங்கின் மதிப்பும் ஏறினால், அந்த லாபம் பத்திரத்தில் பெயர் உள்ளவருக்குத்தான்.

லிஃப்ட் விஷயம் இன்னும் வேடிக்கை. பத்து வீடு வரை, மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்குப் பொதுப் பயன்பாட்டு மின்கட்டணத்தை 2023-இல் அரசு யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து 5.50 ஆகக் குறைத்தது. அப்படிப்பட்ட கட்டடத்தில் சங்கம் லிஃப்ட் போட்டால் அந்தச் சலுகை போய்விடும். லிஃப்டுக்கு மட்டுமல்ல, மாடிப்படி விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சேர்த்துக் கூடுதல் கட்டணம். லிஃப்ட் வாங்கிய காசை உரிமையாளர்களே போட்டிருந்தாலும், கூடிய கரண்ட் பில் மாசாமாசம் மெயின்டனன்ஸில் ஏறும். தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவரும் கட்டுவார்.

மாடி ஏற முடியாத வயசானவர்களுக்கு லிஃப்ட் வேண்டும், மறுக்கவில்லை. சங்கம் மேம்பாட்டுச் செலவைத் தனி ரசீதாகப் போட்டு உரிமையாளருக்கே அனுப்பலாமே, அவர் துபாயில் இருந்தாலும் சரி. வாடகை வாங்க அவர் வங்கிக் கணக்கு எண் எல்லாரிடமும் இருக்கத்தானே செய்கிறது.