சாய்ப்புக்குள் ஒரு கார் ஷெட்

விழிதியூர் போன்ற காரைக்கால் பக்கத்து ஊர்களுக்கு ஏற்ற கார் ஷெட், வீட்டுச் சுவரோடு ஒட்டி இறக்கிய தகரச் சாய்ப்புதான். அதில் நான் முதலில் பார்ப்பது விளக்கு எங்கே இருக்கிறது என்பதை. நட்டநடுவில் ஒரு ட்யூப்லைட் மாட்டினால் வெளிச்சமெல்லாம் காரின் கூரைக்குத்தான் போகும். பானெட்டைத் தூக்கினால் எஞ்சின் மேல் அதன் நிழலே விழும். விவரமான எலக்ட்ரீஷியன் இரண்டு பக்கச் சுவரிலும் நாலடி எல்.இ.டி. ட்யூப்பை மாட்டுவார். ஒன்று 20 வாட் என்றால், பழைய ஒற்றை ட்யூப் தின்ற 40 வாட்டில் இரண்டும் எரியும். ஷெட்டில் ஒன்று, வீட்டுக்குள் ஒன்று என டூவே சுவிட்சும் வைத்துவிட்டால் இருட்டில் சுவரைத் தடவ வேண்டாம்.

அலமாரிக்கு இரும்பு ராக் வேண்டவே வேண்டாம். பெயின்ட் உரிந்த ஒரு கீறல் போதும், உப்புக்காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். இங்கே கடப்பாக் கல்லுக்கு ஈடு கிடையாது. ஓரத்தைச் சுவருக்குள் செருகிப் பூசிவிட்டால் பேட்டரி, ஜாக்கி, பெயின்ட் டப்பா எது ஏறினாலும் அசையாது. முன்விளிம்பை மட்டும் மழுக்கித் தரச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் குனிந்து நிமிர்கிறவர் நெற்றியை அது பதம் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறுகிற மனையானால் அடித்தட்டும் பிளக் பாயின்ட்டும் உயரத்தில் இருக்கட்டும். மேலே பரண்: தார்ப்பாய், கோணிச்சாக்கு, கொலுப்பெட்டி. அறுவடை முடிந்தால் நெல் மூட்டை உள்ளே, கார் தெருவில்.